தின் கிளையன்ட் கணினியில் வைஃபையும் மற்ற அமைப்புகளும்

தின் கிளையன்ட் என்பது தன்னிடம் ஏறக்குறைய எதையும் வைத்துக்கொள்ளாத கணினி. வங்கிக் கவுன்டரிலும் மருத்துவமனைப் பதிவு மேசையிலும் கால் சென்டரிலும் மானிட்டரின் முதுகில் திருகப்பட்டிருக்கும் சிறு பெட்டி அது. உள்ளே சில ஜிகாபைட் ஃபிளாஷ் நினைவகம், ஒரு சிறிய இயங்குதளம், நெட்வொர்க் அட்டை, சில யூஎஸ்பி துளைகள், அவ்வளவுதான். பயனர் திறக்கும் மென்பொருளும் அவர் சேமிக்கும் கோப்பும் வேறெங்கோ உள்ள சர்வரில் இருக்கின்றன. அங்கிருந்து பெட்டிக்கு வருவது திரையின் படம். பெட்டியிலிருந்து அங்கே போவது விசைத் தட்டலும் மவுஸ் அசைவும்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். வைஸ் நிறுவனம் 1995இல் வின்டெர்ம் என்ற பெட்டியை விற்கத் தொடங்கியது. 1998இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி 4.0இன் டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டது. 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் சன் ரே வந்தது. வைஸ் 2012இல் டெல் நிறுவனத்தின் கைக்குப் போனது. இப்போது சந்தையில் உள்ள பெட்டிகளில் பெரும்பாலும் டெல்லின் தின்ஓஎஸ், எச்பியின் தின்ப்ரோ, ஜெர்மனியின் இகெல் ஓஎஸ், அல்லது விண்டோஸ் ஐஓடி என்டர்பிரைஸ் ஓடுகின்றன. அன்று எல்லாம் கேபிளில் இயங்கியவை. இன்று பல இடங்களில் வைஃபையில் இயங்குகின்றன. சிக்கல்கள் பலவும் இந்த மாற்றத்தோடு வந்தவை.

எல்லாம் சர்வரில் இருந்தாலும், சர்வரை அடையும் வழி மட்டும் பெட்டிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். எந்த நெட்வொர்க்கில் சேர வேண்டும், எந்தக் கடவுச்சொல்லால், எந்தச் சான்றிதழால், எந்த சர்வரைத் தேடி என்ற நாலைந்து செய்திகளே பெட்டிக்குச் சொந்தமான சொத்து. சாதாரண கணினியில் வைஃபை அறுந்தால் திறந்திருக்கும் கோப்பில் வேலையைத் தொடரலாம். தின் கிளையன்ட்டில் வைஃபை அறுந்தால் கணினியே இல்லை. இதனால்தான் சாதாரண கணினியில் ஒரு நிமிடத்தில் முடியும் வைஃபை அமைப்பு இங்கே தனித் திட்டமாகவே வகுக்கப்படுகிறது.

புதிய பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துக் கேபிளைச் செருகியதும் அது முதலில் கேட்பது ஒரு ஐபி முகவரி. அதை வழங்கும் டிஎச்சிபி சர்வர், முகவரியோடு சேர்த்து வேறு செய்திகளையும் எண்ணிட்டு அனுப்ப முடியும். டெல் வைஸ் பெட்டிகள் 165ஆம் எண்ணில் தங்கள் மேலாண்மை சர்வரின் முகவரியை எதிர்பார்க்கின்றன. 199ஆம் எண்ணில் தாங்கள் எந்தக் குழுவைச் சேர்ந்தவை என்ற குறியீட்டைப் பெறுகின்றன. பழைய வைஸ் பெட்டிகள் 161, 162 ஆகிய எண்களில் ஒரு கோப்பு சர்வரையும் அதிலுள்ள பாதையையும் தெரிந்துகொண்டு, அங்கிருக்கும் எளிய உரைக்கோப்பை வரி வரியாகப் படித்துத் தங்களை அமைத்துக்கொண்டன. இகெல் பெட்டிகளுக்கு 224ஆம் எண். அது கிடைக்காவிட்டால் ‘இகெல்ஆர்எம்சர்வர்’ என்ற பெயரை, பெயருக்கு முகவரி தரும் டிஎன்எஸ்ஸில் தேடிப் பார்க்கும். இப்படி சர்வரைக் கண்டுபிடித்த பெட்டி தன் குழுவுக்குரிய எல்லா அமைப்புகளையும் இறக்கிக்கொள்கிறது. நூறு பெட்டிகளை நிறுவ நூறு முறை மெனுவில் இறங்கித் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

மைய அமைப்புக்கும் பெட்டியில் கையால் செய்த அமைப்புக்கும் முரண் வந்தால் பொதுவாக மையமே வெல்லும். ஒரு டெக்னீசியன் மேசைக்கு வந்து திரைத் தெளிவை மாற்றிவிட்டுப் போகிறார்; மறுநாள் காலையில் பெட்டியை இயக்கினால் பழையபடியே இருக்கிறது. பெட்டியில் கோளாறு ஏதும் இல்லை. மாற்ற வேண்டிய இடம் மேலாண்மை சர்வரில் உள்ள குழுவின் அமைப்பு. பெட்டியின் மெனுவையே பயனருக்குத் தெரியாதபடி பூட்டி வைப்பதுதான் நல்ல வழக்கம். பயாஸுக்கும் கடவுச்சொல் இட்டுவிடுவார்கள்.

கேபிளில் இத்தனையும் தானாக நடக்கிறது. வைஃபையில் நடக்காது. ஐபி முகவரி கேட்பதற்கு முன்பே நெட்வொர்க்கின் பெயரும் அதில் நுழைவதற்கான ரகசியமும் பெட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ரகசியமோ மேலாண்மை சர்வரில் இருக்கிறது. சர்வரை அடைய நெட்வொர்க் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க எளிய வழி, எல்லாப் பெட்டிகளையும் முதலில் ஓர் அறையில் கேபிளில் இணைத்து, வைஃபை அமைப்புகளையும் சான்றிதழ்களையும் இறக்கிக்கொள்ள விட்டு, பிறகு கேபிளைப் பிடுங்கி ஒருமுறை மறுதொடக்கம் செய்து வைஃபையில் சேர்கிறதா என்று பார்த்து, அதன்பின் மேசைகளுக்கு அனுப்புவது. கேபிளும் வைஃபையும் ஒரே நேரத்தில் இருந்தால் பெட்டி கேபிளைத்தான் பயன்படுத்தும். அதனால் கேபிளைப் பிடுங்காமல் செய்யும் சோதனைக்கு மதிப்பில்லை. கிளை அலுவலகத்தில் கேபிளே இல்லையென்றால் யூஎஸ்பி குச்சியில் அமைப்புக் கோப்பை அனுப்புவதும் உண்டு. அந்தக் குச்சியில் கடவுச்சொல் இருக்கிறது என்பதை மறந்து மேசை இழுப்பறையில் போட்டுவைக்கும் வழக்கமும் உண்டு.

அந்த ரகசியம் எந்த வகையினது என்பது அடுத்த முடிவு. வைஃபையின் முதல் பாதுகாப்பு முறையான டபிள்யூஇபி, 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகியோரின் ஆய்வால் உடைந்தது. 2003இல் டபிள்யூபிஏ, 2004இல் டபிள்யூபிஏ2, 2018இல் டபிள்யூபிஏ3 என்று அடுத்தடுத்து வந்தன. வீட்டில் போல எல்லாருக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல் என்பது ஒரு முறை. அதன் நீளம் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். அதை நெட்வொர்க்கின் பெயரோடு சேர்த்து 4096 சுற்றுகள் பிசைந்துதான் டபிள்யூபிஏ2 தன் சாவியை உருவாக்குகிறது. ஆகவே நெட்வொர்க்கின் பெயரை மாற்றினால் கடவுச்சொல் அதேயானாலும் சாவி மாறிவிடும். பத்துப் பெட்டி உள்ள இடத்துக்கு இது போதும். ஆயிரம் பெட்டிக்குப் போதாது. ஒரு பெட்டி திருட்டுப் போனால் ஆயிரத்திலும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் 802.1எக்ஸ் என்ற முறைக்குப் போவது இதனால்தான். இதில் நெட்வொர்க் ஒவ்வொரு பெட்டியிடமும் தனித்தனியே அடையாளம் கேட்கிறது. பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் அடையாளமாகக் கொள்ளலாம். தின் கிளையன்ட்டுக்கு அது பொருந்தாது. பயனர் தன் பெயரைச் சொல்வது சர்வரின் உள்நுழைவுத் திரையில். அந்தத் திரை வருவதற்கே நெட்வொர்க் முன்கூட்டி வேண்டும். எனவே பெட்டிக்கென ஒரு டிஜிட்டல் சான்றிதழை வழங்கி, அதைக் காட்டி நுழையவைக்கும் இஏபி-டிஎல்எஸ் முறைதான் சரி. பெட்டி காணாமல் போனால் அந்த ஒரு சான்றிதழை ரத்து செய்தால் முடிந்தது. கடவுச்சொல் வழியையே பிடித்துக்கொள்பவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிடக்கூடாது: எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்று பெட்டி சரிபார்க்கும் விருப்பத்தை அணைக்கக் கூடாது. அணைத்தால், அதே பெயரில் போலி நெட்வொர்க் ஒன்றை வாசலில் வைப்பவருக்குப் பெட்டி தன் மறைகுறியிட்ட விடையைக் கொடுத்துவிடும். கடவுச்சொல் வழியில் பெரிதும் பயன்படும் எம்எஸ்-சாப் பதிப்பு 2 முறையின் விடையை உடைப்பது டிஇஎஸ் என்ற பழைய மறைகுறியீட்டின் ஒரே ஒரு சாவியை உடைக்கும் வேலைக்குச் சமம் என்று 2012இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் செய்து காட்டினர். நிறுவும் அவசரத்தில் ‘இப்போதைக்கு அணைத்து வைப்போம்’ என்று விடப்படும் இந்த விருப்பம் பல இடங்களில் பிறகு திரும்பப் போடப்படுவதே இல்லை.

சான்றிதழ் முறைக்கு எதிர்பாராத இடத்தில் ஒரு பலவீனம் இருக்கிறது: கடிகாரம். ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உண்டு. பெட்டியின் மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி நாலைந்து ஆண்டுகளில் தீர்ந்துபோகிறது. மின்வெட்டுக்குப் பின் எழும் பெட்டி, தான் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதியில் இருப்பதாக நினைக்கிறது. சர்வரின் சான்றிதழ் அந்தத் தேதிக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் செல்லுபடியாகத் தொடங்கும். ஆகவே பெட்டி அதை ஏற்க மறுத்து நெட்வொர்க்கில் சேராமல் நின்றுவிடுகிறது. நெட்வொர்க்கில் சேர்ந்தால் நேர சர்வரைக் கேட்டுத் தேதியைத் திருத்திக்கொள்ளலாம்; தேதி சரியாக இருந்தால்தான் நெட்வொர்க்கில் சேர முடியும். திரையில் வரும் செய்தியோ ‘அங்கீகாரம் தோல்வி’ என்பது மட்டும். கடவுச்சொல்லையும், வைஃபையைப் பரப்பும் அக்சஸ் பாயின்ட்டையும் சந்தேகித்துப் பாதி நாளைக் கழித்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றும். சில நிமிடங்கள் கேபிளைச் செருகினால் தேதி திருந்திவிடும். நிலையான தீர்வு பேட்டரியை மாற்றுவது.

விண்டோஸ் ஓடும் பெட்டிகளில் வேறொரு வியப்பு காத்திருக்கிறது. அவற்றில் யுனிஃபைடு ரைட் ஃபில்டர் என்ற ஏற்பாடு இயங்குகிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதப் போகும் எதையும் இது தடுத்து, இயல்பாக 1024 மெகாபைட் அளவுள்ள ஒரு தற்காலிக இடத்தில் வைத்துக்கொள்கிறது. மறுதொடக்கத்தில் அத்தனையும் போய்விடும். வைரஸ் வந்தாலும் இரவில் பெட்டியை அணைத்தால் அழிந்துவிடும் என்பது இதன் பலன். ஆனால் அன்று சேர்த்த வைஃபை கடவுச்சொல்லும் வைரஸோடு சேர்ந்தே அழிகிறது. வைஃபையைச் சேர்க்க ஒழுங்கான வரிசை இது: ஃபில்டரை அணைத்து மறுதொடக்கம் செய்ய வேண்டும், நெட்வொர்க்கைச் சேர்க்க வேண்டும், ஃபில்டரை மீண்டும் போட்டு இன்னொரு முறை மறுதொடக்கம் செய்ய வேண்டும். வைஃபை விவரங்கள் எழுதப்படும் அடைவை ஃபில்டரிலிருந்து நிரந்தரமாக விலக்கி வைப்பது மற்றொரு வழி; மைக்ரோசாஃப்ட் தன் வழிகாட்டலில் அந்த அடைவுகளைக் குறிப்பிட்டே சொல்கிறது.

இதே காரணத்தால், நிறுவனக் கணினிகளை ஒரே நிர்வாகத்தில் வைக்கும் டொமைனிலிருந்தும் பெட்டி விலகிப்போகக்கூடும். டொமைனில் உள்ள ஒவ்வொரு விண்டோஸ் கணினியும் 30 நாளுக்கு ஒருமுறை தன் ரகசிய எண்ணைத் தானே மாற்றி டொமைனுக்குச் சொல்கிறது. ஃபில்டர் உள்ள பெட்டி புதிய எண்ணைச் சொல்லிவிட்டு மறுதொடக்கத்தில் அதை மறந்து, பழைய எண்ணோடு வந்து நிற்கும். டொமைன் அதை ஏற்காது. இந்த எண்ணை மட்டும் காப்பாற்றுவதற்கென்றே ஃபில்டரில் தனி விலக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி காற்று. தின் கிளையன்ட்டுக்கு எவ்வளவு வேகமான வைஃபை வேண்டும் என்ற கேள்வியே பாதி தவறு. 1920×1080 புள்ளிகள் கொண்ட திரையைச் சுருக்காமல், புள்ளிக்கு 24 பிட் வீதம், விநாடிக்கு 60 முறை அனுப்பினால் விநாடிக்கு ஏறக்குறைய 300 கோடி பிட் ஆகும். யாரும் அப்படி அனுப்புவதில்லை. சிட்ரிக்ஸின் ஐசிஏ, மைக்ரோசாஃப்டின் ஆர்டிபி போன்ற நெறிமுறைகள் திரையில் மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புகின்றன. கடிதம் அடிப்பவருக்குச் சில நூறு கிலோபிட்டே போதும். வலிப்பது தாமதம். ஒரு விசையைத் தட்டினால் அது சர்வருக்குப் போய், எழுத்து திரையில் வரையப்பட்டு, அந்தப் படம் திரும்ப வர வேண்டும். போய்த் திரும்பும் நேரம் 100 மில்லிவிநாடிக்குள் இருந்தால் கை உணர்வதில்லை. அதுவும் சீராக இருக்க வேண்டும். ஒருமுறை 20, மறுமுறை 300 என்று துள்ளினால் எழுத்துகள் கொத்துக் கொத்தாக விழும்.

துள்ளலுக்கு ஒரு காரணம் பெட்டியின் அமைப்பிலேயே இருக்கலாம். வைஃபை அட்டைகளில் மின்சேமிப்பு என்ற விருப்பம் உண்டு. அது இயங்கினால் அட்டை அவ்வப்போது உறங்கும்; அப்போது வரும் தகவலை அக்சஸ் பாயின்ட் தன்னிடம் வைத்துக்கொண்டு, வழக்கமாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அனுப்பும் பீக்கன் அறிவிப்பில் ‘உனக்கு ஒன்று இருக்கிறது’ என்று சொல்லும். கைப்பேசிக்கும் லேப்டாப்புக்கும் இது பேட்டரியை மிச்சப்படுத்தும் அருமையான உத்தி. சுவரில் செருகப்பட்ட பெட்டிக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. தின் கிளையன்ட்டில் முதலில் அணைக்க வேண்டியது இதுதான்.

அடுத்தது அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்க, ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும் அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வழக்கமாகப் பயன்படுத்தப்படுபவை 1, 6, 11. மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் ஹெட்செட், ஒயர்லெஸ் மவுஸ் எல்லாம் அங்கேதான் இரைகின்றன. இந்த இரைச்சலோடு சேரும் இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: யூஎஸ்பி 3.0. விநாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும் அதன் மின்துடிப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் இரைச்சலைக் கசியவிடுகின்றன என்று 2012இல் இன்டெல் நிறுவனமே அறிக்கை வெளியிட்டது. பெரிய மேசைக் கணினியில் துளைக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே தூரம் உண்டு. உள்ளங்கை அகலப் பெட்டியில் விரலிடைதான். யூஎஸ்பி 3.0 குச்சியைச் செருகியதும் மவுஸ் தயங்குவதும் வைஃபை தளர்வதும் இதனால். மவுஸின் ரிசீவரை யூஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றினால், அல்லது சிறு நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வைத்தால் சரியாகும். பெட்டியை மானிட்டரின் உலோக முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் சிக்னலைக் குறைக்கும். மேசை அழகாகத் தெரிய வேண்டும் என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

ஆகவே 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் பயன்படுத்தும்படி பெட்டியைக் கட்டுப்படுத்துவது நல்லது. அங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்பட்டவை. அக்சஸ் பாயின்ட் ரேடார் துடிப்பைக் கேட்டால் 10 விநாடிக்குள் அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும். அவ்வகைப் புதிய சேனலுக்குப் போனால் அங்கே குறைந்தது 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகே பேசலாம். விமான நிலையத்துக்கு அருகிலுள்ள அலுவலகத்தில் எல்லாப் பெட்டிகளும் ஒரே நொடியில் துண்டிக்கப்படுவதற்கு இது காரணமாக இருக்கலாம். பெட்டியின் நாட்டுக் குறியீடும் சரியாக இருக்க வேண்டும். அமெரிக்கா என்று அமைக்கப்பட்ட பெட்டி 12, 13ஆம் சேனல்களைப் பொதுவாகத் தேடுவதே இல்லை. இந்தியாவில் ஓர் அக்சஸ் பாயின்ட் 13இல் இயங்கினால் அந்தப் பெட்டியின் பட்டியலில் அந்த நெட்வொர்க் தென்படாது.

சிக்னலின் வலிமை டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு காட்டப்படும். ஒவ்வொரு 10 அலகு இறக்கமும் வலிமை பத்தில் ஒன்றாவதைக் குறிக்கும். -60 என்றால் ஒரு நானோவாட். -70 அதில் பத்தில் ஒன்று. குரல் அழைப்புக்கு வழக்கமாக வைக்கும் -67 என்ற வரம்பு தின் கிளையன்ட்டுக்கும் பொருந்தும்.

ஓர் அக்சஸ் பாயின்ட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது மேசையில் நிற்கும் பெட்டிக்குத் தேவையில்லாத பழக்கம். தாவும் முனைப்பு என்ற அமைப்பை அதற்குக் குறைந்தபட்சத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சம தூரத்திலுள்ள இரண்டுக்கும் இடையே அது அலைந்துகொண்டே இருக்கும். மருத்துவமனை வார்டில் செவிலியர் தள்ளிச் செல்லும் சக்கர மேசைக்கு நேர் எதிர்த் தேவை. அங்கே 802.11ஆர் என்ற 2008ஆம் ஆண்டுத் தரம் உதவும்: முழு அடையாளச் சோதனையை மீண்டும் தொடங்காமல் பெட்டியை அடுத்த அக்சஸ் பாயின்ட்டுக்கு மாற்றிவிடும். அப்படியும் இடையில் அறுந்தால், சிட்ரிக்ஸ் இயல்பாக 180 விநாடி வரை சர்வரில் வேலையைக் கலைக்காமல் வைத்திருக்கிறது. திரை உறைந்து நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

நெட்வொர்க் சீரான பின் கருவிகள். பெட்டியில் செருகும் ஒவ்வொரு யூஎஸ்பி கருவிக்கும் இரண்டு விதிகளில் ஒன்று: அது பெட்டியிலேயே கையாளப்படும், அல்லது மொத்தமாகச் சர்வருக்கு அனுப்பப்பட்டு அங்கே செருகியது போலத் தோன்றும். கீபோர்டையும் மவுஸையும் அப்படி அனுப்பக் கூடாது. அவை பெட்டியிலேயே இருக்க வேண்டும். கையெழுத்துப் பலகை போன்ற விசேஷக் கருவிகளை அனுப்பித்தான் ஆக வேண்டும். அவற்றைத் தயாரிப்பாளர் எண், தயாரிப்பு எண் என்ற இரண்டு நான்கிலக்க அடையாளங்களால் பட்டியலிடுவார்கள். பென் டிரைவ்களை வகையாகவே தடுத்துவிடலாம். வெப்கேமராதான் சோதனை. 640×480 புள்ளி, விநாடிக்கு 30 படம், புள்ளிக்கு 2 பைட் என்று சுருக்காத படத்தை யூஎஸ்பி வழியே அப்படியே அனுப்பினால் விநாடிக்கு 147 மெகாபிட் ஆகும். பத்துப் பேர் ஒரே அக்சஸ் பாயின்ட்டில் வீடியோ கூட்டத்தில் அமர்ந்தால் கதை முடிந்தது. வீடியோவைப் பெட்டியிலேயே சுருக்கி அனுப்பும் தனி விருப்பத்தைத் தேர்ந்தெடுப்பது கட்டாயம். அந்தச் சுருக்கும் வேலைக்குப் பெட்டியின் செயலி போதுமா என்பதை வாங்கும் முன்பே பார்க்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்யும் அலுவலகங்களுக்குக் கீபோர்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆர்டிபி பெரும்பாலும் அனுப்புவது எழுத்தை அன்று. எந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை. அந்த எண் எந்த எழுத்து என்று முடிவு செய்வது சர்வர். எனவே தமிழ்99 விசை அமைப்பைப் பெட்டியில் எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை. சர்வரில் அந்தப் பயனரின் அமர்வில் நிறுவ வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் கடவுச்சொல்லை மாற்றுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அக்சஸ் பாயின்ட்டில் மாற்றினால் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் அநாதையாகும். புதிய கடவுச்சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்க வழியே இருக்காது. பழைய நெட்வொர்க்கை விட்டுவைத்தபடி, வேறு பெயரில் புதிய நெட்வொர்க்கைத் தொடங்க வேண்டும். அதன் விவரத்தை மேலாண்மை சர்வர் மூலம் எல்லாப் பெட்டிகளுக்கும் இரண்டாவது இணைப்பாக அனுப்ப வேண்டும். எல்லாம் பெற்றுக்கொண்டன என்று பட்டியலில் சரிபார்த்த பிறகே பழையதை நிறுத்த வேண்டும். விடுப்பில் உள்ளவரின் மேசையில் அணைந்து கிடக்கும் பெட்டிகளுக்காகச் சில வாரம் காத்திருப்பது வழக்கம். சான்றிதழ்களைப் புதுப்பிப்பதும் இதே கணக்குதான்: காலாவதி நாளுக்கு முன்பே, பழைய சான்றிதழ் செல்லுபடியாகும்போதே புதியது பெட்டிக்குப் போயிருக்க வேண்டும்.

பழைய பெட்டிகளை ஏலத்தில் விடும்போது, அவற்றில் கோப்பு எதுவும் இல்லை என்பதால் அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். கோப்பு இல்லைதான். வைஃபை கடவுச்சொல்லும் பெட்டியின் சான்றிதழும் ஃபிளாஷில் இருக்கின்றன. விண்டோஸ் பெட்டியில் நிர்வாகி உரிமை கிடைத்தவருக்கு அந்தக் கடவுச்சொல்லை வெளிப்படையாகப் படிக்க ஒரே ஒரு கட்டளை போதும். தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, சான்றிதழை ரத்து செய்து, மேலாண்மை சர்வரின் பட்டியலிலிருந்து பெட்டியின் பெயரை நீக்கிய பிறகே அதை வெளியே அனுப்பலாம்.